புகை கண்டவுடன் எஞ்சினை இறக்குவது தகுமா?

தாம்பரத்திலும் அதைச் சூழ்ந்த பெருங்களத்தூர், வண்டலூர், பல்லாவரம், மேடவாக்கம் பகுதிகளிலும் பழைய லாரிகளைக் கொண்டு தொழில் நடத்துவோரிடையே ஒரு கருத்து, கேள்விக்கு இடமில்லாத உண்மை என்னும் தகுதியைப் பெற்றுவிட்டது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் வரும் புகை சில நிமிடங்களில் அடங்காவிட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்றும், எஞ்சின் ஆயிலில் வேறொரு பொருள் கலந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றும், இரண்டும் ஒருசேரக் காணப்பட்டால் எஞ்சினை இறக்கி, சிலிண்டரை ரீபோர் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் அனைத்தையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் அக்கருத்து கூறுகிறது. இது தவறு. புகையும் ஆயில் கலப்பும் ஒன்றாகத் தோன்றும்போதுதான் எஞ்சினை இறக்க வேண்டிய தேவை ஐயத்துக்குரியதாகிறது என்பதையும், சில மணி நேரச் சோதனையால் கண்டறியக்கூடிய பழுதுகளுக்காகப் பல வார வருமானம் இழக்கப்பட்டுக் கடன் சுமையும் ஏறுகிறது என்பதையும் நிறுவ முடியும்.

இக்கருத்து வெறுங்கற்பனையில் பிறந்ததன்று. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் சென்னையில் தொடங்கப்பட்டு 1955இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் எண்ணூர் லாரிகளையும், டாட்டாவின் தொடக்ககால லாரிகளையும் பழுதுபார்த்து வளர்ந்த தலைமுறையின் அனுபவம் அதன் பின்னே நிற்கிறது. அக்காலத்தில் ரிங்கும் சிலிண்டரும் உண்மையிலேயே விரைவில் தேய்ந்தன. 1990களின் தொடக்கம்வரை இந்திய டீசலில் நூற்றுக்கு ஒரு பங்குவரை கந்தகம் இருந்தது. அது எரிந்து, எரிதலில் பிறக்கும் நீராவியுடன் கூடி அமிலமாகிச் சிலிண்டர் சுவரை அரித்தது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. ஆயிலின் தரமும் வெகுவாக உயர்ந்திருக்கிறது. எந்தக் காரணத்தால் அன்றைய தீர்ப்பு பெரும்பாலும் பொருந்திற்றோ அந்தக் காரணம் மெலிந்துவிட்ட பிறகும் தீர்ப்பு மட்டும் மாறாமல் தொடர்கிறது.

கிளப்பும் நேரத்துப் புகையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் இல்லை. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது ஏற்படும் வெப்பத்திலேயே, நாசில் தூவும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. டீசல் தானே பற்றுவதற்கு ஏறத்தாழ 210 பாகை வெப்பம் போதும். நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் அழுத்தப்பட்ட காற்று அதைவிட மிக அதிகமான வெப்பத்தை எட்டுகிறது. காற்று போதிய அளவு சூடாகாவிட்டாலோ, டீசல் புகைபோல நுண்துளிகளாகச் சிதறாமல் பெருந்துளிகளாக ஒழுகினாலோ, பற்றாத டீசல் வெண்மையான புகையாக வெளியேறுகிறது. கண்ணை எரிக்கும் கார நெடியால் அதை நீராவியிலிருந்து எளிதில் பிரித்தறியலாம். இமயமலைச் சாலைகளில் ஓடும் லாரிக்குக் குளிரைக் காரணமாகக் காட்டலாம். மார்கழி விடியலில்கூட வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காத தாம்பரத்தில் குளிரைக் குற்றம் சொல்ல இயலாது. ஆகவே இங்கே நீடிக்கும் வெண்புகைக்கு எஞ்சினுக்குள் ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்தக் காரணம் ரிங்தான் என்று சோதிக்காமலே முடிவு கட்டுவதுதான் மறுக்கப்பட வேண்டியது.

காற்று சூடாகாமல் போவதற்கு ரிங் தேய்மானம் ஒரு காரணம் மட்டுமே. செல்ஃப் மோட்டார் எஞ்சினை மெதுவாகச் சுற்றினால், அழுத்தப்படும் காற்றின் வெப்பம் சிலிண்டர் சுவரில் கசிந்துபோகவும், காற்றே ரிங் இடைவெளி வழியாக நழுவவும் நேரம் கிடைத்துவிடுகிறது; அதனால் குறையில்லாத எஞ்சினும் வெண்புகை கக்கும். லாரியின் 24 வோல்ட் அமைப்பில் இரண்டு பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று தளர்ந்தாலும், சேசிஸில் எர்த் வயர் இறுகப் பிடிக்கப்பட்ட இடத்தில் துரு ஏறினாலும் இதே விளைவுதான். வால்வு முழுமையாக மூடாதபடி டேப்பட் இடைவெளி குறைந்திருந்தாலும், இரவில் டீசல் குழாயில் காற்று புகுந்தாலும், பம்பின் டைமிங் பிந்தியிருந்தாலும் புகை வரும். இவற்றில் ஒன்றுக்குக்கூட எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

நீலப்புகையைப் பற்றிய எண்ணமும் இவ்வாறே திருத்தப்பட வேண்டும். நீலம் என்பது ஆயில் எரிவதைக் காட்டுகிறது என்பது சரி. அந்த ஆயில் எந்த வழியில் வந்தது என்பதை நிறம் சொல்வதில்லை, புகை வரும் நேரமே சொல்கிறது. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் கிளப்பியதும் நீலமாக வந்து ஒரு நிமிடத்துக்குள் மறைந்துவிடும் புகை, வால்வு கைடு வழியாக, அதாவது வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல் வழியாக, மேலிருந்து சொட்டித் தேங்கிய ஆயிலின் புகையாகவே பெரும்பாலும் இருக்கும். சுமையுடன் மேம்பாலம் ஏறும்போதும், சமதளத்தில் ஓடும்போதும், சூடான பின்பும் இடைவிடாது வருவதே ரிங்கைச் சுட்டும் நீலப்புகை. முன்னதற்கு ஹெட்டைக் கழற்றினாலே போதும். சிலிண்டரைத் தொட வேண்டியதில்லை.

எந்தச் சிலிண்டர் புகைக்கிறது என்பதையும் எஞ்சினைத் திறக்காமலே அறியலாம். பம்பிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனிக் குழாய் செல்லும் பழைய எஞ்சின்களில், எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு குழாயின் நட்டையும் சற்றே தளர்த்தி, அந்தச் சிலிண்டருக்குப் போகும் டீசலை நிறுத்திப் பார்க்கும் பழக்கம் இங்குள்ள தேர்ந்த மெக்கானிக்குகளிடம் இன்றும் உண்டு. எந்த நட்டைத் தளர்த்தும்போது புகை குறைகிறதோ அந்தச் சிலிண்டரே குற்றவாளி. இச்சோதனை பழைய வகைப் பம்புகளுக்கு மட்டுமே உரியது என்பதையும், அவற்றிலும் பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும் ஆற்றலுடையது என்பதால் கையை அருகில் கொண்டுபோகக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இயங்கும் காமன் ரெயில் வண்டிகளில் இதைச் செய்வது உயிருக்கே ஆபத்து. ஆறு சிலிண்டரில் ஒன்று மட்டும் புகைக்கிறது என்று தெரிந்துவிட்டால், ஆறும் ஒருசேரத் தேய்ந்துவிட்டன என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இனி ஆயில். ஆயில் கறுத்துவிட்டது என்பதே கெட்டதற்குச் சான்று என்று எண்ணுவோர் இன்னும் பலர் இருக்கிறார்கள். டீசல் எஞ்சினில் புது ஆயில் ஊற்றிய சில மணி நேரத்திலேயே கறுக்கும். கரித்தூளைத் தன்னுள் மிதக்க வைத்துச் சுமப்பதற்காகவே அதில் வேதிப்பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கறுப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

பால் கலந்ததுபோல் வெளுத்த ஆயில்தான் உண்மையில் அஞ்ச வேண்டியது. ஆனால் அதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு. தென்சென்னைப் புறநகரின் தண்ணீர் லாரிகள் இதற்கு ஏற்ற சான்று. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது நகரத்தின் தாகத்தைத் தீர்த்ததில் மேடவாக்கம், கோவிலம்பாக்கம் போன்ற பகுதிகளின் கிணறுகளிலிருந்து ஓடிய தனியார் டேங்கர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நெடுந்தூரச் சுமைக்கு உதவாதென்று ஒதுக்கப்பட்ட பழைய வண்டிகள் பல இத்தொழிலில்தான் தம் கடைசி ஆண்டுகளைக் கழிக்கின்றன. கிணற்றடியில் வரிசையில் எஞ்சினை அணைக்காமல் நிற்பது, சில கிலோமீட்டர் ஓடுவது, அடுக்குமாடிக் குடியிருப்பின் தொட்டி நிரம்பும்வரை மீண்டும் நிற்பது என்பதே அவற்றின் அன்றாடம். ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு ரிங் இடைவெளி வழியாகக் கீழிறங்கி, ஆயில் தேங்கும் சம்ப் பகுதியை அடைகிறது. எஞ்சின் நெடுநேரம் சுமையுடன் ஓடினால் ஆயில் சூடேறி, அந்த ஈரம் பிரீதர் எனப்படும் மூச்சுக்குழாய் வழியாக வெளியேறிவிடும். சூடேறாத வண்டியில், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழைக்காலக் காற்றில், அது ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணுரையாகப் படிகிறது. அந்த நுரையைக் கண்டு ஹெட்டைக் கழற்றுவோர், கேஸ்கெட்டில் குறை எதுவும் காணாதபோதும் புதியதை மாற்றித்தான் பூட்டுகிறார்கள். ஒரு மாதத்தில் நுரை திரும்பவும் வருகிறது.

மூடியில் நுரை இருக்கிறதா என்பதைவிட, சம்ப்பின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்பதே சரியான கேள்வி. அதற்கு விடை காண, இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் சம்ப்பின் வடிகால் திருகை மிக மெல்லத் தளர்த்த வேண்டும். ஆயிலைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்கியிருந்தால் முதலில் அதுவே சொட்டும். ஆயிலோடு இரண்டறக் கலந்துவிட்ட சிறிய அளவை அறிய, 150 பாகைக்குச் சற்று மேல் சூடாக்கிய இரும்புத் தகட்டில் ஒரு துளி ஆயிலை விட்டால் போதும். ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு தண்ணீர் இருந்தாலே அது படபடவென்று பொரியும். தகட்டின் அருகில் முகத்தைக் கொண்டுபோகக் கூடாது என்பது தவிர இதற்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை.

தண்ணீர் உண்மையாகவே ரேடியேட்டரிலிருந்து வருகிறது என்று உறுதியான பிறகும், ஹெட் கேஸ்கெட் என்ற ஒரே பெயரைச் சொல்வது முறையன்று. சிலிண்டர் லைனரின் வெளிப்புறம் தண்ணீரில் நேரடியாகத் தோயும் வகை எஞ்சின்களில், லைனரின் அடியிலுள்ள ரப்பர் வளையம் கெட்டால் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும். கம்மின்ஸ் பி வரிசை போன்ற எஞ்சின்களில் தனி லைனரே கிடையாது என்பதால் அந்த ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் அவற்றின் ஆயில் கூலர் பிளாக்கின் உள்ளேயே அமைந்திருக்கிறது. ஆயில் கூலர் என்பது ஒரு தகட்டின் இருபுறமும் ஆயிலும் தண்ணீரும் ஓடி வெப்பத்தைப் பரிமாறும் பகுதி. அத்தகடு ஓட்டையானால், ஓடும்போது அழுத்தம் மிகுந்த ஆயில் தண்ணீருக்குள் புகும். நிறுத்திய பின் ரேடியேட்டரில் எஞ்சிய அழுத்தம் தண்ணீரை ஆயிலுக்குள் தள்ளும். எனவே ரேடியேட்டரில் ஆயில் மிதப்பதும் ஆயிலில் தண்ணீர் இருப்பதும் ஒருசேரக் காணப்பட்டால் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது கூலரை. ஹெட் கேஸ்கெட்டுக்கு உரிய அடையாளம் வேறு: குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பினால், தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே குமிழிகள் தொடர்ந்து எழும்.

ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்புவோருக்கும் இப்பகுதிக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. கூலண்ட் கசிவை ஆய்வகங்கள் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளைத் தேடிக் கண்டறிகின்றன. இங்குள்ள பழைய லாரிகள் பலவற்றில் கூலண்ட் ஊற்றப்படுவதில்லை, ஆழ்குழாய்த் தண்ணீரே ஊற்றப்படுகிறது. அவ்வண்டிகளில் கிளைக்கால் இல்லை என்ற அறிக்கையால் கசிவு இல்லை என்று நிறுவ முடியாது. உப்பேறிய நிலத்தடி நீர் கலந்திருந்தால் சோடியத்தின் அளவு உயர்ந்திருக்கும். அதைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

மேற்சொன்ன எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்கப்படாதது ஆயிலில் டீசல் கலப்பது. டீசல் கலந்த ஆயில் வெளுப்பதில்லை. கறுப்பாகவே இருந்து நீர்த்துப்போகிறது. டிப் ஸ்டிக்கில் அளவு குறையாமல் நிற்பதையும், சில வேளை ஏறுவதையும் பார்த்து, வண்டி ஆயில் குடிக்கவில்லை என்று மகிழும் உரிமையாளர், பேரிங்குகளுக்கு நேரும் கேட்டை அறிவதில்லை. பொதுவாக நூற்றுக்கு ஐந்து பங்கு டீசல் கலந்தாலே ஆயிலை மாற்றியாக வேண்டும் என்பது நடைமுறை எல்லை. அளவு மிகவும் ஏறிவிட்டால், ஆயில் பிரீதர் வழியாகக் காற்றுக்குழாயை அடைந்து எரிபொருளாகி, நிறுத்தினாலும் நிற்காமல் எஞ்சின் தானே வேகமெடுத்து உடைந்துபோவதும் உண்டு. டீசல் வரும் வழிகள் இரண்டு. மைக்கோ பம்ப் என்று மெக்கானிக்குகள் அழைக்கும் வரிசைப் பம்பின் பக்கத்தில், டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சிறிய ஃபீட் பம்ப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் தண்டு தேய்ந்தால் டீசல் பம்பின் அடிப்பகுதிக்குள் கசியும். அப்பகுதி எஞ்சின் ஆயிலாலேயே மசகிடப்படும் அமைப்பில் அந்த டீசல் நேராகச் சம்ப்பைச் சேரும். மற்றொரு வழி, ஒழுகும் நாசில்.

நடைமுறைக் கருத்து முழுவதும் சரிவது இந்த நாசிலிடம்தான். பழைய எஞ்சின்களில் நாசிலின் ஊசி ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் திறந்து, பாய்ச்சல் முடிந்ததும் சட்டென்று மூட வேண்டும். அதன் இருக்கை தேய்ந்தோ கரி படிந்தோ இருந்தால் டீசல் சொட்டுகிறது. சொட்டிய டீசல் காலையில் பற்றாமல் வெண்புகையாகிறது. அதே டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு ரிங் வழியாகக் கீழிறங்கிச் சம்ப்பில் சேர்கிறது. கிளப்பும்போது புகை, ஆயிலில் கலப்பு என்ற இரண்டு அறிகுறிகளும் ஒரே நாசிலிலிருந்து பிறந்துவிட்டன. எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும் என்பதற்கு எந்த இணைப்பு மறுக்க முடியாத சான்றாகக் காட்டப்படுகிறதோ, அதற்கு டீசல் பம்ப் கடையில் ஒரு மணி நேரத்தில் சோதித்துச் சரிசெய்யக்கூடிய ஒரு சிறு பாகம் முழு விளக்கமாகிறது.

அப்படியானால் திறந்து பார்த்த எஞ்சின்களில் ரிங் தேய்ந்துதானே இருந்தது என்ற எதிர்வாதம் எழும். தேய்ந்திருந்தது என்பது உண்மையே. ஆயில் படலம் கழுவப்பட்ட சுவரில் உராய்ந்த ரிங் தேயாமல் இராது. ஆனால் அது நாசில் ஒழுகியதன் விளைவு. அதையே காரணமாகக் கொண்டதால்தான் ரீபோர் செய்து, புது ரிங் போட்டு, அதே நாசில்களைத் துடைத்து மீண்டும் பூட்டிய எஞ்சின் சில மாதங்களில் அதே புகையோடு திரும்பி வருகிறது. திரிசூலம், பம்மல் பக்கத்துக் கல்குவாரித் தூசியில் ஓடிய வண்டிகளுக்கும் இது பொருந்தும். ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தால் உள்ளே போகும் கல்தூள் ரிங்கை அராவிவிடுகிறது; கிளிப்பை இறுக்காமல் சிலிண்டரைப் புதுப்பிப்பதால் பயனில்லை. ஒவ்வொரு ரீபோரும் சிலிண்டரின் இரும்பில் ஒரு பகுதியைச் சுரண்டி எடுத்துவிடுகிறது. அதை எத்தனை முறை செய்யலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதால், காரணமின்றிச் செய்யப்படும் ஒன்று எஞ்சினின் ஆயுளில் ஒரு பகுதியையே தின்றுவிடுகிறது.

திறந்து பார்த்தால்தானே உண்மை தெரியும் என்று சொல்வோரும் உண்டு. ஆயிலை வடித்து, தண்ணீரை வடித்து, கேஸ்கெட்டைப் பிய்த்து, நாசில்களை ஒரே தட்டில் குவித்த பிறகு, எது எதனுடன் கலந்தது, எந்தச் சிலிண்டர் புகைத்தது, எந்த நாசில் எந்தச் சிலிண்டருடையது என்பதைச் சொல்லும் சான்றுகள் யாவும் அழிந்துவிடுகின்றன. ஓடும் எஞ்சின் தரும் செய்தியைத் திறந்த எஞ்சின் தராது. சோதனைக்கு நேரமில்லை, நிற்கும் ஒவ்வொரு நாளும் நட்டம் என்ற வாதத்தில் லாரி உரிமையாளரின் உண்மையான துயரம் இருக்கிறது. அதை மதித்தே விடை சொல்ல வேண்டும். நட்டு தளர்த்திப் பார்த்தல், வடிகால் திருகு, சூடான தகடு, நாசில் சோதனை ஆகிய நான்கும் ஒரு பகலுக்குள் முடியும். எஞ்சினை இறக்கி ஏற்றும் வேலை, லேத் பட்டறையின் வரிசையையும் சேர்த்தால், ஒரு வாரத்தில் முடிவதே அரிது. நேரம் அருமையானது என்பவர் சோதனையின் பக்கமே நிற்க வேண்டும். புகைச் சான்றிதழுக்கும் எஃப்.சி. எனப்படும் வண்டித் தகுதிச் சான்றுக்கும் அஞ்சி எஞ்சினை இறக்குவோர், டீசல் வண்டியின் புகை எஞ்சினைச் சூடாக்கிய பிறகே அளக்கப்படுகிறது என்பதையும், காலையில் ஒரு நிமிடம் வந்து மறையும் புகை அந்தக் கணக்கில் சேர்வதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

உடனே பிரித்துப் பார்த்தே ஆக வேண்டிய வேளைகள் இல்லாமலில்லை. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய லாரியில் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுச் செல்ஃப் கொடுப்பது பெருந்தவறு. சிலிண்டருக்குள் தேங்கிய தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் அதில் மோதினால் கனெக்டிங் ராடு வளையும். நாசில்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றாமல் சாவியைத் தொடவே கூடாது. அதேபோல், எல்லாச் சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் குறைந்து, பிரீதரில் புகை பீறிட்டு, சூடான பின்பும் சுமையில் நீலப்புகை நீடித்து, ஆயிலும் தொடர்ந்து குறையும் எஞ்சினுக்கு ரீபோர் தேவைதான். அங்கே அது சோதனையின் முடிவாக வருகிறது.

லாரி உரிமையாளர்கள் இனி ஒன்றைக் கட்டாயமாகக் கேட்டுப் பெற வேண்டும். எஞ்சினை இறக்கச் சம்மதிப்பதற்கு முன், எந்தச் சிலிண்டர் புகைக்கிறது, ஆயிலில் கலந்திருப்பது தண்ணீரா டீசலா, அது எந்த வழியாக வருகிறது, நாசில்கள் சோதிக்கப்பட்டனவா என்ற நான்கு கேள்விகளுக்கும் மதிப்பீட்டுத் தாளிலேயே எழுத்தில் விடை வாங்குங்கள். வடிக்கும் ஆயிலில் ஒரு பாட்டில் எடுத்து, தேதி எழுதி, வண்டி மீண்டும் ஓடிச் சில மாதங்கள் ஆகும்வரை பத்திரப்படுத்துங்கள்.